ஞாபகப் பரீட்சை

சனிக்கிழமை ரியூசன் பிள்ளைகள் போனபிறகு, அனோஜினி ஒரு கதிரையை இழுத்துப்போட்டு என் எதிரே உட்கார்ந்தாள். குசினி வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். இருபத்தாறு வயது. ஏழு வருடமாக அவுஸ்திரேலியப் பெண்கள் ஐஸ் ஹொக்கி அணியின் கோல் காப்பாளர். போன கிழமை ஆட்டத்தில் ஒருத்தி வேகமாகச் சறுக்கிவந்து இவள்மேல் மோத, தலை கோல் கம்பத்தில் அடிபட்டிருந்தது. இரண்டு வருடத்துக்குள் மூன்றாவது தரம்.

"அப்பா, டொக்டரின்ர ரெஸ்ற்றில பாஸ் பண்ணாட்டி மெல்பேர்ண் ரூர்னமென்ருக்கு என்னை எடுக்க மாட்டினம். ஊரில இருக்கிற எல்லாற்ற பிள்ளையளையும் பாஸ் பண்ண வைக்கிறியள். எனக்கும் சொல்லித்தாங்கோ."

பெருமைப்பட்டேன். அதை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். சிட்னி மெரிலேண்ட்ஸில் செல்வரட்ணம் மாஸ்ரராகிய என்னிடம் வந்து பரீட்சையில் தவறிய பிள்ளை கிடையாது. என் சொந்தப் பிள்ளைதான் பன்னிரண்டு வயதில் என் மேசையை விட்டு எழுந்து போனவள். மருத்துவம் படி என்றேன். அவள் ஐஸில் சறுக்கப் போனாள். வருடக்கணக்காக எங்களுக்குள் சாப்பிட்டியா, ஓம் என்பதற்கு மேல் பேச்சில்லை. இப்போது தானாகவே வந்து உட்கார்ந்திருக்கிறாள். எந்தத் தகப்பன் மாட்டேன் என்பான்?

எந்தப் பரீட்சையானாலும் என் வழி ஒன்றுதான், பழைய கேள்வித்தாள். இது தலையில் அடிபட்டவர்களின் மூளை தேறிவிட்டதா என்று பார்க்கிற பரீட்சை. டொக்டர் பத்துச் சொல் வாசிப்பார், அவள் திருப்பிச் சொல்ல வேண்டும். மாதங்களைப் பின்னிருந்து முன்னாகச் சொல்ல வேண்டும். ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். அந்தச் சொற்பட்டியல்கள் ஆறே ஆறுதான் என்பதை இணையத்தில் தேடி ஒரு மணித்தியாலத்தில் கண்டுபிடித்துவிட்டேன். அறுபது சொல். என்னிடம் வருகிற பதினொரு வயதுப் பிள்ளைக்கு ஒரு பின்னேர வேலை. அனோஜினிக்குப் பன்னிரண்டு நாள் எடுத்தது. அதை நான் கவனிக்கவில்லை என்றால் பொய். பயிற்சி போதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

என் மனைவி டொறத்தி கோப்பை கழுவியபடி கேட்டாள். "ஏனப்பா, பிள்ளைக்கு ஞாபகம் நிக்குதோ எண்டு பாக்கத்தானே அந்த ரெஸ்ற். நீங்கள் பாடமாக்க வைச்சா அவையளுக்கு எப்பிடித் தெரியும்?"

"உனக்கு இதுகள் விளங்காது" என்றேன். எனக்கு நன்றாகவே விளங்கியிருந்தது. சொல்லித்தர மாட்டேன் என்றால் மகள் மறுபடியும் எழுந்து போய்விடுவாளோ என்று பயம்.

பத்துக்குப் பத்து எடுத்தாள். பரமட்டாவில் அணியின் டொக்டர், என்னைவிட உன் மகளுக்கு ஞாபகம் அதிகம் என்று என்னிடமே சொல்லிக் கையெழுத்து வைத்தார். காரில் வரும்போது அனோஜினி என் தோளில் கை வைத்து, "தாங்ஸ் சேர்" என்றாள். நான் சந்தோசமாகத்தான் காரை ஓட்டினேன்.

மெல்பேர்ணில் மூன்றாவது ஆட்டம். முதல் இரண்டு பகுதிகளிலும் ஒரேயொரு கோல்தான் விட்டாள். வேண்டாவெறுப்பாக வந்த டொறத்திகூடக் கைதட்டினாள். இரண்டாம் பகுதி முடிகிற நேரம் அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு அவளுடைய முகக்கவசத்தில் பட்டுத் தெறித்தது. முழங்காலில் விழுந்தவள் எழும்பிக் கையைக் காட்டினாள். சனம் ஆரவாரித்தது.

ஒவ்வொரு இடைவேளைக்குப் பிறகும் அணிகள் முனை மாறும். அது எனக்கே தெரியும். அனோஜினி உடைமாற்றும் அறையிலிருந்து வந்து, நேரே பழைய முனைக்குச் சறுக்கிப் போனாள். எதிரணிக் கோல் காப்பாளரும் அங்கே வந்து, இவள் விலகட்டும் என்று பக்கத்தில் நின்றாள். சனம் சிரித்தது. மற்றவளைக் குழப்ப விளையாட்டுக் காட்டுகிறாள் என்று எங்களுக்குப் பின்னால் ஒருவன் சொன்னான்.

டொறத்தி என் முழங்கையைப் பிடித்தாள். "இப்ப போய்ச் சொல்லுங்கோ."

டொக்டர் எங்களுக்குக் கீழே ஆறு வரிசை தள்ளி இருந்தார். சொன்னால் அவளுடைய ஆட்டம் இன்றோடு சரி. நான் சொன்னதை அவள் ஒருபோதும் மன்னிக்க மாட்டாள். எழுந்து இரண்டு படி இறங்கினேன். டொக்டரும் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே அனோஜினி தலையைக் குனிந்தபடி, கால் வழுக்காமலிருக்க, தன்னுடையதல்லாத வலைக்கு முன்னால் ஐஸை ஒழுங்காகச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.