முழு மிதி

வியாழக்கிழமை காலை வண்டிக்குச் சோதனை. திங்கட்கிழமை சாயங்காலம் அவள் வலது உள்ளங்காலுக்குக் கீழே ஏதோ தட்டியது.

ஒரே ஒரு தட்டு. பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ விரல் முட்டியால் தட்டியதுபோல. காலைத் தூக்கினாள், நின்றது. மறுபடி பெடலை மிதித்தாள், மறுபடி ஒன்று. அப்புறம் நத்தையாக ஊர்ந்து பட்டறைக்கு வந்து சேர்ந்தாள்.

பட்டறை அவள் நாத்தனாருடையது. பத்து வயதில் அண்ணனின் சைக்கிளைப் பிரித்துப் போட்டுவிட்டு மாட்டத் தெரியாமல் அழுதவள். அன்றைக்கு விழுந்த 'ஸ்பானர்' என்ற பெயர் இன்றைக்கு வாசலில் போர்டாகத் தொங்குகிறது. எண்ணெய்க் கறை படிந்த சிமெண்டுத் தரை, சுவர் முழுக்க வரிசையாகத் திருகுசாவிகள், மூலையில் ஓயாமல் உறுமும் கம்ப்ரஸர். அதன் நடுவில்தான் இருவருக்கும் கடந்த ஏழு மாத ஞாயிற்றுக்கிழமைகள் போயிருந்தன.

வண்டிக்கு அவளைவிட வயது அதிகம். இடுப்பு உயரம்கூட இல்லாத, இரண்டே இரண்டு இருக்கை கொண்ட பழைய ஸ்போர்ட்ஸ் கார். குள்ளி என்று கூப்பிட்டார்கள். வாங்கிய ஆறாம் மாதம் அதன் எஞ்சினில் விரிசல் விட்டு, ஆயிலும் தண்ணீரும் கலந்து காபி நுரைபோலப் பொங்கியது. பின்பக்கம் நசுங்கிப்போன ஒரு புதுக் காரிலிருந்து ஸ்பானர் இந்த எஞ்சினைப் பிடித்து வந்தாள். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ வைத்தது. பழையதைவிட எடை குறைவு, பலம் இரண்டு மடங்கு.

"வயசானவருக்கு இளவட்டத்தோட இதயமா? நெஞ்சுக்கூடு தாங்குமா?" என்று கேட்டார் அவள் கணவர். ஏழு மாதமும் அதையே கேட்டார்.

தாங்குமா என்று சொல்ல வேண்டியவர் சோதனை அதிகாரி. எஞ்சின் மாற்றிய வண்டியை அவர் ஒருமுறை பார்ப்பார், சாலையில் விரட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து கவனிப்பார். பாதுகாப்பில்லை என்று எழுதிவிட்டால் பதிவு ரத்து. இரண்டாவது வாய்ப்பு கிடையாது. குள்ளி அப்புறம் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்க வேண்டியதுதான்.

"தட்டுதா? எங்க அண்ணி?" ஸ்பானர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"காலுக்குக் கீழ."

"எப்ப?"

"மிதிக்கும்போது."

"எவ்வளவு மிதிச்சீங்க?"

"கொஞ்சம்தான்."

பொய். சொன்ன நொடியே அவளுக்குத் தெரிந்தது. திரும்ப எடுத்துக்கொள்ள வாய் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை ஸ்பானர் ஓட்டினாள், அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஸ்பானர் ஓட்டுவது ஒரு அழகு. கியர் மாறுவதே தெரியாது. புதிதாகப் பூட்டிய எஞ்சின் பழகட்டும் என்று பெடலைப் பாதிக்கு மேல் அழுத்தவே மாட்டாள். இரண்டு சுற்று வந்தார்கள். ஒரு தட்டும் இல்லை. திரும்பி வந்து வண்டியைத் தூக்கி, டார்ச்சும் கண்ணாடியும் வைத்து அடியெல்லாம் பார்த்தாள்.

"ஒண்ணுமே இல்ல அண்ணி. உங்க பயம்தான் தட்டுது. நாளான்னைக்குச் சோதனைன்னா எனக்கே தூக்கம் வரல, உங்களுக்குக் கேக்கணுமா?"

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் கணவர் அதை முடித்துவைத்தார். "உனக்கு எப்பவும் இதே வழக்கம். ஃப்ரிட்ஜ் சத்தம் போடுதுன்னு சொன்னே."

"போட்டுச்சே. அடுத்த வாரமே ஃப்ரிட்ஜ் கெட்டு நின்னு போச்சு."

"அது தானா நின்னுது. நீ சொன்னதுக்காகவா நின்னுது?"

அவள் தட்டைக் கழுவப் போனாள்.

குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு நின்றபோது அந்தப் பொய் மறுபடி வந்து பக்கத்தில் நின்றது. ஏன் கொஞ்சம்தான் என்றாள்? நினைத்துப் பார்த்தால் அவள் எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்லியிருக்கிறாள். பசிக்குதா? கொஞ்சம்தான். வலிக்குதா? கொஞ்சம்தான். பிரசவ அறையில் நர்ஸிடம்கூட. கேட்டவர்கள் எல்லோரும் நிம்மதியாகப் போனார்கள். வீட்டில் அவளைச் சாது என்றார்கள். சாதுவாக இருப்பது பழகிய செருப்பு மாதிரி. காலை எங்கே கடிக்கிறது என்றுகூடத் தெரியாமல் போய்விடுகிறது.

உண்மை இதுதான். மூன்று வாரமாக, வேலை முடிந்ததும், கிடங்குகளுக்குப் பின்னால் நீளமாகக் கிடக்கும் காலிச் சாலையில் அவள் பெடலைத் தரையோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தாள். அரை மூச்சு நேரத்துக்கு ஒன்றும் நடக்காது. அப்புறம் எங்கோ உள்ளே டர்போ மூச்சை இழுக்கும், மெல்லிய சீழ்க்கை ஒன்று எழும், முதுகில் ஒரு பெரிய கை வந்து தள்ளும். கிடங்குச் சுவர்கள் கோடாகிவிடும். முதல் நாள் யாரோ உரக்கச் சிரிப்பது கேட்டுத் திடுக்கிட்டாள். அவளேதான். நாற்பத்தேழு வயதில் தன் சிரிப்புச் சத்தத்தைத் தானே அடையாளம் தெரியாமல் கேட்பது என்றால் என்ன சொல்ல.

அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது வீட்டு மேசைக்கு வந்துவிடும். கேலியாகும், கதையாகும், எல்லோரும் ஆளுக்கொரு வாய் எடுத்துக்கொண்டு மிச்சம் இல்லாமல் போகும்.

புதன்கிழமை காலை அவள் வேலைக்குப் போனாள். பல் மருத்துவர்கள் எடுத்து அனுப்பும் அச்சுகளை வைத்துப் பல் செய்யும் கூடம் அது. இருபத்திரண்டு வருட வேலை. ஊரில் எத்தனையோ பேரின் வாய் அவளுக்குத் தெரியும், முகம் தெரியாது. மேசையில் ஒரு பல் திரும்பி வந்திருந்தது. கூடவே மருத்துவரின் சீட்டு: 'கடிக்கச் சொன்னால் சரியாக இருக்கிறது. சாப்பிடும்போது இடிக்கிறது என்கிறார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.'

அவளுக்குத் தெரிந்தது. வாய் வெறுமனே மேலும் கீழும் மூடித் திறப்பதில்லை. மெல்லும்போது தாடை பக்கவாட்டில் நழுவும். சும்மா கடித்தால் விலகி நிற்கும் பல், பாரம் ஏறியதும் போய் மோதும். நாற்காலியில் சாய்ந்துகொண்டு வாயைத் திறந்து காட்டினால் அது எப்படித் தெரியும்? பல்லின் உள்விளிம்பை அரத்தில் ஒரு இழை தேய்த்தாள். தேய்த்த கை பாதியில் நின்றது.

குள்ளியைத் தூக்கி நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தார்கள். வாயைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்ததுதானே அது? எஞ்சின் முழுப் பாரத்தையும் இழுக்கும்போது எந்தப் பக்கம் நழுவுகிறதோ, யார் கண்டார்கள்?

மதியம் விடுப்பு எழுதிக் கொடுத்தாள். உலோகப் பல் வார்க்கும் அச்சுக்கு உபயோகிக்கும் மாவு ஒரு டப்பா எடுத்துக்கொண்டாள். தண்ணீரில் குழைத்தால் களி மாதிரி இருக்கும், காய்ந்தால் கல். உலையில் வைத்தாலும் உருகாது. ஆனால் லேசாக இடித்தால் பிஸ்கட் மாதிரி உடையும்.

பட்டறையில் ஸ்பானர் சோதனைக்காக வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, இன்னைக்கு வேலை இல்லியா?"

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். சிரிக்கக் கூடாது."

"சிரிக்கற விஷயமா இருந்தா?"

"நான் கொஞ்சமா மிதிக்கல."

"என்னது?"

"முழுசா மிதிச்சேன். தரை தட்டற வரைக்கும். தினமும். மூணு வாரமா." சொல்லச் சொல்லக் காது மடல் கொதித்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. "மூணாவது கியர்ல. அப்பதான் தட்டுது. நீ ஓட்டினா தட்டாது, ஏன்னா நீ பாதிக்கு மேல போறதே இல்ல."

ஸ்பானர் துணியைக் கீழே போட்டாள். சிரிக்கவில்லை. அண்ணியை ஏதோ புது மாடல் வண்டியைப் பார்ப்பதுபோல் மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"எங்க வீட்டுக்கு வந்து இருபது வருஷமாச்சு. ரோடு தாண்டக்கூட எங்க அண்ணன் கையப் பிடிச்சுக்குவீங்க."

"அவர் பயப்படுவார்னு பிடிச்சுக்குவேன்."

இப்போது ஸ்பானர் சிரித்தாள், கம்ப்ரஸரையே அமுக்கிவிடும் சிரிப்பு. சிரித்து முடித்து, "சரி, இப்ப என்ன பண்ணணும்?" என்று கேட்டாள். இருபது வருடத்தில் அவள் அண்ணியிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

இருவரும் எஞ்சின் மேல் கவிழ்ந்தார்கள். எஞ்சினுக்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவே நெருக்கமான இடம் எங்கெங்கே என்று ஸ்பானர் காட்டினாள். அவள் மாவைக் குழைத்து, சிறு கரண்டியால் ஏழு இடத்தில் பல் மாதிரி ஒட்டவைத்தாள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு நூல் அளவு இடைவெளி. விரல் நுழையாத இடத்தில் அவள் கரண்டி நுழைந்தது. வாய்க்குள் வேலை செய்து பழகிய கை.

"இவ்வளவு சின்ன இடத்துல எப்படி அண்ணி?"

"கடைவாய்ப் பல்லுக்கு இது மைதானம்."

பல் கூடத்து உலை இங்கே இல்லை, பெயிண்ட் உலர்த்தும் சூட்டுக் காற்றுத் துப்பாக்கி இருந்தது. அதைக் காட்டி மாவைக் காயவைத்தார்கள். பிறகு கிடங்குச் சாலை. அவள் ஓட்டினாள், ஸ்பானர் பக்கத்தில்.

"பிடிச்சுக்கோ."

"நானா? எஞ்சின் மாட்டினதே நான்தான். என்னையே பிடிச்சுக்கச் சொல்..."

வாக்கியம் முடியவில்லை. டர்போ அதை வாங்கிக்கொண்டு போய்விட்டது. ஸ்பானரின் இரண்டு கையும் கதவைப் பற்றின. உள்ளங்காலில் டொக்.

"கேட்டுச்சா?"

"நிறுத்துங்க! கேட்டுச்சு! நிறுத்துங்க அண்ணி!"

ஓரமாக நிறுத்தி மூடியைத் திறந்தார்கள். ஆறு மாவுப் பற்கள் முழுசாக இருந்தன. ஏழாவது பொடிப்பொடியாகக் கிடந்தது. டர்போவிலிருந்து கீழே போகும் புகைக்குழாயில் ஒரு வளையம், அதை இறுக்கும் போல்ட்டின் நுனி ஓட்டுநரின் கால் பக்கத் தகரத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது. ஸ்டியரிங் தண்டு மறைக்கும் இடம். கண்ணாடி வைத்தாலும் தெரியாது.

ஸ்பானர் குனிந்து, எஞ்சினைத் தாங்கும் ரப்பர்க் கட்டைகளில் ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள்.

"பழைய கட்டைங்க. அப்படியே கச்சிதமா உக்காந்துச்சு. அந்தச் சந்தோஷத்துல மாத்தாம விட்டுட்டேன். பாதி பலத்துக்குச் செஞ்ச ரப்பர் இது. மூணு வாரமா முழுசா மிதிச்சதுல நைஞ்சுபோச்சு, இப்ப எஞ்சின் திரும்பிப் படுக்குது." நிமிர்ந்தாள். "நாளைக்கு அந்தாள் முன்னாடி குழாய் உடைஞ்சிருக்கும். உங்க மேல பழி போட்டுட்டேனே அண்ணி."

"நான் பொய் சொன்னேன். நீ என்ன பண்ணுவே?"

அவ்வளவுதான் பேச்சு. அதற்குமேல் இருவருக்கும் நேரமும் இல்லை, தேவையும் இல்லை. விளக்கு வைக்கும் நேரத்துக்குள் கெட்டியான புது ரப்பர்க் கட்டைகள் ஏறின. வளையத்தைத் திருப்பிப் போல்ட்டை மறுபக்கம் பார்க்க வைத்தார்கள். எஞ்சின் தலையிலிருந்து வண்டியின் உடம்புக்கு ஒரு சிறு இரும்புத் தண்டு, அசையாமல் பிடித்துக்கொள்ள. மறுபடி ஏழு மாவுப் பல், மறுபடி கிடங்குச் சாலை. ஏழும் முழுசாகத் திரும்பி வந்தன. ஸ்பானர் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள், பிறந்த குழந்தையின் விரல்களை எண்ணுவதுபோல.

வியாழக்கிழமை. அதிகாரி உயரமான மனிதர். குள்ளிக்குள் நுழைய அவர் மூன்றாக மடங்க வேண்டியிருந்தது. எஞ்சினைப் பார்த்தார், எண்களைக் குறித்தார், மடியில் அட்டையை வைத்துக்கொண்டார்.

"ஓட்டப்போறது மெக்கானிக்கா, நீங்களா?"

ஸ்பானர் வாயைத் திறக்குமுன், "நான்," என்றாள் அவள்.

சோதனைச் சாலை நேராக, அகலமாக, காலியாகக் கிடந்தது. இரண்டாவது கியர், மூன்றாவது கியர்.

"இங்கேருந்து முழுசா மிதிங்கம்மா. பயப்படாதீங்க, நான் இருக்கேன்."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். மிதித்தாள்.

அரை மூச்சு. அப்புறம் அந்தச் சீழ்க்கை, அந்தக் கை. அதிகாரியின் பேனா பின்னால் பறந்தது. உள்ளங்காலுக்குக் கீழே தகரம் ஊமையாக இருந்தது. எஞ்சினின் ஒரே சீரான பாட்டு மட்டும் கால் வழியாக ஏறி முழங்கால், இடுப்பு, விலா என்று நிரப்பியது. சிரிப்பு வந்தது. அடக்கவில்லை. பக்கத்தில் அரசாங்கமே உட்கார்ந்திருக்கிறது, இருக்கட்டும். வாய் விட்டுச் சிரித்தாள். சாலை முடியும் இடத்தில் பிரேக் பிடித்து, கோடு போட்டதுபோல நிறுத்தினாள்.

அதிகாரி மடியில் சரிந்த அட்டையை நேராக்கிக்கொண்டார்.

"வேற எதாவது சத்தம், அதிர்வு?" என்று படிவத்தில் நிரப்ப வேண்டிய கேள்வியைக் கேட்டார்.

"இல்ல. இருந்தா எனக்குத் தெரியும்."

அவர் அவளிடமே பேனா கேட்டு வாங்கி எழுதினார்.

வாசலில் காத்திருந்த ஸ்பானர் 'தேர்ச்சி' என்று முத்திரை குத்திய தாளைத் தலைகீழாகவும் நேராகவும் இரண்டு முறை படித்தாள். அப்புறம் கதவோரம் குனிந்து, குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணி, பட்டறைல ஒரு வேன் நிக்குது. ஏதோ ஒரு முனகல், மூணு நாளா எனக்குப் பிடிபடல. நீங்க ஒரு தடவை ஓட்டிப் பாத்துச் சொல்றீங்களா?"

"சொல்றேன். சனிக்கிழமை."

"இப்பவே வாங்களேன், பக்கத்துலதானே."

"இப்ப முடியாது," என்றாள், கியரைப் போட்டபடி. "நான் சுத்திக்கிட்டு வர்றேன். நீ பஸ்ல போ."