வரகுக்கோழி என்று முழுதாகச் சொன்னவர்கள்

வரகுக்கோழி என்ற பெயரை முழுதாகச் சொல்பவர் எவரானாலும், நின்றாலும் கிடந்தாலும், இருந்த இடத்திலிருந்து ஓர் ஆள் உயரம் எழும்பி அதே இடத்தில் அலுங்காமல் இறங்குவார். கேரளத்து வித்துராவுக்கு மேலே தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அங்கே கொழுந்து கிள்ளிய பேச்சி தன் மகளைப் பெற்றது தோட்டத்துக்கு அப்பாலுள்ள புல்மேட்டில், விறகுக்குப் போன இடத்தில். வலி முற்றியிருந்தபோது ஆளுயரப் புல்லுக்குள்ளிருந்து ஒரு கறுத்த பறவை மேலே துள்ளியது, விழுந்தது, மறுபடி துள்ளியது. அவள் வளர்ந்த கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் அதை வரகுக்கோழி என்பார்கள். வரகுக் காட்டில் ஒளிந்து திரியும், கோழி மாதிரி இருக்கும், பெயருக்கு அவ்வளவுதான் பொருள். அந்த மலையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படியொரு பறவையை யாரும் கண்டதில்லை. பேச்சி அந்தப் பெயரையே பிள்ளைக்கு வைத்தாள். இதென்ன பெயர் என்று சண்டைக்கு வந்த கணவன் தாசையன், பெயரைச் சொல்லி முடித்ததும் உத்தரத்தில் தலையை இடித்துக்கொண்டான். அத்தோடு சம்மதித்தான்.

மலையாளப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் 'கோழி' என்று மட்டும் கூப்பிட்டுச் சிரித்தார்கள். பாதிப் பெயருக்கு யாரும் எழும்பவில்லை. ஒருநாள் அவள் அழுதுகொண்டே வந்து வேறு பெயர் கேட்டபோது பேச்சி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"புல்லுக்குள்ள நின்னா அது யாரு கண்ணுக்கும் தெரியாது மோளே. நான் இங்கதான் இருக்கேன்னு காட்டத்தான் சாடுது."

துள்ளுவது ஆண் பறவை மட்டும்தான் என்று ஓர் ஆசிரியர் பிற்பாடு திருத்தினார். இனிமேல் பொட்டையும் சாடும் என்று பேச்சி சொல்லியனுப்பினாள். மகள் அதற்குப் பிறகு பெயருக்காக அழவில்லை.

தோட்டம் படுத்தது, பேச்சி போய்ச் சேர்ந்தாள், வரகுக்கோழி நர்சிங் முடித்துத் திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்கு வேலை கேட்டுப் போனாள். பெயர் கேட்டபோது, முற்றத்துக்குப் போய்ச் சொல்லட்டுமா என்று கேட்டாள். நர்சுகளின் மேலதிகாரி ஜினி மேடம், அவள் எழும்பி இறங்கியதைப் பார்த்துவிட்டு, வேலை உண்டு, ஆனால் பேட்ஜில் வர்ஷா என்றுதான் இருக்கும் என்றார். அவள் பேட்ஜை வாங்கி, அதன்மேல் ஒரு பிளாஸ்டரை ஒட்டி, தன் பெயரை எழுதிக் குத்திக்கொண்டாள். டாக்டர்கள் சிஸ்டர் என்றே கூப்பிட்டதால் ஆண்கள் வார்டில் கொஞ்ச காலம் ஒன்றும் நடக்கவில்லை.

கடைசிக் கட்டிலில் வள்ளியூர்ப் பக்கத்துக் கட்டட வேலைக்காரர் ஒருவர், சாரத்திலிருந்து விழுந்து, இரண்டு காலிலும் மாவுக்கட்டோடு கிடந்தார். பெயர் மகாராஜா. தமிழன் என்பதால் வார்டில் அவரைப் பாண்டி என்றார்கள். வலது கால் கட்டுக்குள்ளே எரிகிறது என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். டாக்டர்கள் முதல் கட்டிலில் தொடங்கி, பாதி வார்டில் போன் வந்து போய்விடுவார்கள். வரகுக்கோழி கட்டை முகர்ந்து பார்த்துவிட்டு மூன்று பேரிடம் போய்ச் சொன்னாள். நாளைக்குப் பார்க்கலாம் என்றார்கள். அவள் ஒருத்திதான் அவரை மகாராஜா அண்ணே என்பாள். அந்த மரியாதைக்குப் பதில் மரியாதையாக, அவர் பிளாஸ்டரில் இருந்த பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தார். மாவுக்கட்டோடு எழும்பி, மின்விசிறிக்கு ஒரு சாண் கீழே நின்று, திரும்பவும் கட்டிலுக்கு வந்தார்.

ஜினி மேடம் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஈ பேரு இவிடே வேண்டா, கேட்டோ. ஒண்ணு பேரை மாத்து, இல்லேங்கி வீட்டுக்குப் போ."

"கால் அழுகிட்டு இருக்கு மேடம். அதைப் பாக்க ஆளில்ல, என் பேரைப் பாக்க ஆளிருக்கு. நான் மாத்த மாட்டேன்."

அவள் பையை எடுத்துக்கொண்டு வராந்தாவில் நடந்தபோது டாக்டர்கள் முதல் கட்டிலில் நின்றிருந்தார்கள். மகாராஜா அவள் போவதைப் பார்த்தார். இருந்த மூச்சையெல்லாம் கூட்டி வரகுக்கோழி என்று கூப்பிட்டு, எல்லோர் தலைக்கும் மேலே வந்தார். இறங்கினார், மறுபடி கூப்பிட்டார். பக்கத்துக் கட்டிலில் மூன்று நாளாக ஸ்கேனுக்குக் காத்திருந்த கிழவர் சேர்ந்துகொண்டார். பிறகு மூலவியாதிக்காரர், பிறகு பேச்சு பாதி போயிருந்த பெரியவர், அவர் நாலு தடவை முயன்று சரியாகச் சொல்லி எழும்பினார். போர்வைகளும் சலைன் குழாய்களுமாக வார்டு முழுக்க ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வரகுக்கோழி பையைத் தரையில் வைத்தாள். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் கடைசிக் கட்டிலைக் கையால் காட்டியபடி அசையாமல் நின்றாள். டாக்டர்கள் முதல் தடவையாக அந்தக் கட்டில்வரைக்கும் நடந்து போனார்கள். கட்டைப் பிரித்த டாக்டர் ஆபரேஷன் தியேட்டரைத் தயார் செய்யச் சொன்னார். அன்று சாயங்காலமே ஆபரேஷன் நடந்தது, கால் தப்பியது.

வரகுக்கோழியை யாரும் போகச் சொல்லவில்லை. மறுவாரம் அந்த வார்டில் மின்விசிறிகளைக் கழற்றிச் சுவரில் மாட்டினார்கள். பேட்ஜில் முழுப் பெயரை அச்சடித்துக் கொடுத்த ஜினி மேடம், கொடுக்கும்போது சரிபார்க்க வாய்விட்டு வாசித்து, எழும்பி, சேலையைச் சரிசெய்துகொண்டு அடுத்த வேலைக்குப் போனார். இப்போதும் ரோட்டிலிருந்து நிமிர்ந்து பார்ப்பவர்கள் மூன்றாம் மாடி ஜன்னல்களில் ஆட்கள் எழும்பி இறங்குவதைக் காண்பதுண்டு. இன்றைக்கு டாக்டர் வரத் தாமதம் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு, ஆட்டோவுக்குக் கை காட்டுவார்கள்.