ஒவ்வொரு அங்குலமாக ஏறிய கோடு

அடுத்தவர் எடுத்த அளவை நம்பி நான் துணியில் கத்திரி வைத்ததே இல்லை. சீருடை தைக்கும் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக வெட்டு மேசை என்னுடையது. அப்பேர்ப்பட்டவள், என் தோளின் அளவை மட்டும் என்னைக் கட்டினவரிடம் ஒப்படைத்துவிட்டு ஏமாந்து நின்றேன்.

வலது தோள் இறுகிப்போயிருந்தது. சர்க்கரை இருப்பவர்களுக்கு இது சகஜம் என்று சொல்லி, டாக்டர் மாத்திரையை மாற்றி எழுதினார். பிசியோதெரபி அம்மா ஒரு பயிற்சி கொடுத்தார். சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் மெல்ல மேலே ஏற வேண்டும். சனிக்கிழமைதோறும் எட்டிய இடத்தில் ஒரு கோடு.

"வலியோட மல்லுக்கட்டாதீங்க. ஒரு மாசத்துல கோடு ஏறலைன்னா உடனே வாங்க. ஊசி போடணும், தள்ளிப்போடக் கூடாது."

சூப்பர்வைசரும் இரண்டு மாதம் கெடு வைத்தார். மேல்தட்டிலிருந்து துணிச் சுருளை நானே இறக்கினால் மேசை எனக்கு. இல்லையென்றால் பொத்தான் பிரிவு.

தினமும் வலி தாங்காமல் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டுதான் சுவரில் ஏறுவேன். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று எண்ணுவார். சனிக்கிழமை வந்தால் என் சாக்கட்டியால் கோடு போடுவார். கையை இறக்கிவிட்டுப் பார்த்தால் புதுக் கோடு மேலே இருக்கும். "ஏறிடுச்சுடி" என்பார். எனக்குத் தலைகால் புரியாது. தலையும் அவரே வாரிவிட்டார், அதனால் கை தலைக்குப் போகிறதா என்று பார்க்கவே தோன்றவில்லை.

ஒரு மாதம் ஆனபோது, "அதான் ஏறுதே, ஊசி எதுக்குங்க?" என்றேன். அவர் பேப்பரை மடித்துக்கொண்டிருந்தார். மடித்து முடித்ததும் எழுந்து உள்ளே போய்விட்டார்.

கெடு முடிந்த அன்று ரேக் முன்னால் நின்று கையைத் தூக்கினேன். கண்மட்டத்தோடு நின்றுவிட்டது. எக்கிப் பார்த்தேன், பல்லைக் கடித்துப் பார்த்தேன். எல்லோரும் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "பொத்தான் பக்கம் போயிடுங்கக்கா" என்றார் சூப்பர்வைசர், என் முகத்தைப் பார்க்காமல்.

வீட்டுக்கு வந்ததும் டேப்பை எடுத்துச் சுவரில் வைத்தேன். மொத்தம் எட்டுக் கோடு. அடுத்தடுத்த எந்த இரண்டுக்கும் நடுவில் சரியாக ஓர் அங்குலம். எந்த உடம்பு டேப் வைத்துக் குணமாகும்? முதல் கோடு ஒன்றுதான் என்னுடையது.

"ரெண்டாவது வாரம் ஏறவே இல்லடி. நீ சுவத்துல சாஞ்சு அழுத. மனசு கேக்கல" என்றார்.

"சரி. ஊசி எதுக்குன்னு கேட்டேனே, அன்னிக்காவது வாயைத் திறந்திருக்கலாம்ல?"

என் கையிலிருந்த டேப்பை வாங்கிச் சுருட்டினார். "சொன்னா நான் போட்டதெல்லாம் பொய்னு தெரிஞ்சிடுமே."

அழுகையைப் பொறுக்காமல் சொன்ன பொய்யை மன்னித்திருப்பேன். தன் பொய்யைக் காப்பாற்ற என் தோளைப் பலிகொடுத்ததுதான் வயிற்றெரிச்சலாக இருந்தது.

மறுநாள் காலை ஈரத்துணியால் ஏழு கோடுகளைத் துடைத்தேன். கண்ணைத் திறந்துகொண்டே ஏறி, இடது கையால் நானே கோடு போட்டேன். முதல் கோட்டுக்கு ஒரு விரல் கீழே விழுந்தது.

எப்போதும்போல அவர் சீப்போடு வந்தார்.

"வேண்டாம், அங்கேயே வைங்க" என்றேன். கலைந்த தலையோடு ஊசி போட்டுக்கொள்ளத் தனியாகக் கிளம்பினேன்.