ஒட்டுக்கேட்கும் பட்டன்

அந்த அலுவலகத்தில் எல்லோரும் அவளை டெலிபோன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். புதிய டெலிபோன் கன்சோல் வந்து இறங்கியதிலிருந்து அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. எந்த மேசைக்கு எந்த எண், யார் வெளியூருக்குப் பேசலாம், யார் பேசக்கூடாது, எல்லாம் அவள் கையில். யாராவது போனை எடுத்தால் அவர் எண்ணுக்கு நேரே சிவப்பு விளக்கு எரியும். முன்பெல்லாம் எரிந்து விழுந்தவர்கள்கூட இப்போது அவளிடம் குழைந்து குழைந்து பேசினார்கள்.

அந்தச் சந்தோஷத்தில் மண்ணைப் போட்டவர் மேலாளர். காலடிச் சத்தமே இல்லாமல் பின்னால் வந்து நிற்பவர் என்பதால் ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் பூனை. அன்று காலையும் அப்படித்தான் வந்து நின்றார்.

"மத்தவங்க பேசறப்ப நடுவுல புகுந்து கேக்க என் போன்ல ஒரு பட்டன் இருக்காமே?"

"இருக்கு சார். ஆனா புகுந்த உடனே பேசறவங்களுக்கு பீப்புன்னு சத்தம் வரும்."

"அந்தச் சத்தம் வேண்டாம், எடுத்துடுங்க. யார்கிட்டயும் சொல்லவும் வேண்டாம்."

சம்பளம் வாங்குகிறவள் வேறென்ன செய்வாள்? தலையை ஆட்டினாள், சத்தத்தை நிறுத்தினாள். நிறுத்திய பிறகுதான் தம்பியின் ஞாபகம் வந்தது.

தம்பிக்கு இங்கேயே கிடங்கில் வேலை. சேர்த்துவிட்டதே அவள்தான். அவனுக்கோ இந்த வேலை பிடிக்கவில்லை. வேறொரு கம்பெனியில் வேலைக்கு முட்டிமோதிக்கொண்டிருந்தான். கிடங்குக்குள் கைபேசி கூடாது என்பதால், அந்தக் கம்பெனிக்காரர்களுக்குக் கிடங்கு போனின் எண்ணையே கொடுத்து வைத்திருந்தான். பேச்சு பூனையின் காதில் விழுந்தால் இருக்கிற வேலையும் போய்விடும்.

போனில் எச்சரிக்கலாம் என்றால், அதையே அவர் கேட்டுவிட்டால்? நேரில் போகலாம் என்றால், மாற்று ஆள் வராமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாது. அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தண்ணீர் குடித்தாள். ஹெட்செட்டைக் கழற்றினாள், திரும்ப மாட்டினாள். கணக்குப் பிரிவுக்கு வந்த அழைப்பைக் கேன்டீனுக்குத் தள்ளிவிட்டு இரண்டு பக்கமும் வசவு வாங்கினாள்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்பு கிடங்கு விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் மேலாளரின் விளக்கும் எரிந்தது. அவ்வளவுதான், அவளுக்கு உயிரே போய்விட்டது. யோசிக்கவே இல்லை. கிடங்கு லைனை வெட்டிவிட்டு, அப்பாடா என்று சாய்ந்து உட்கார்ந்தாள்.

சற்று நேரத்தில் தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான்.

"என்னக்கா உன் புதுப் பொட்டி? அவங்க சம்பளம் எவ்வளவுன்னு சொல்லிட்டிருக்காங்க, லைன் பட்டுனு கட்டாயிடுச்சு. திரும்பக் கூப்பிட்டா, 'சம்பளத்தைச் சொன்னதும் போனை வெக்கிற ஆளு எங்களுக்கு வேண்டாம், வேற ஆளைப் போட்டாச்சு'ங்கறாங்க."

அவளுக்குப் பகீரென்றது. இருந்தாலும் இந்த வேலையையாவது காப்பாற்றிவிட்டோமே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

"நான்தான்டா வெட்டினேன்," என்றாள் குரலைத் தாழ்த்தி. "மேலாளர் ஒட்டுக்கேக்கறாரு. மாட்டியிருந்தா இன்னிக்கே உன்னை வெளிய அனுப்பியிருப்பாரு."

அவன் வாயைத் திறப்பதற்குள் பூனை பின்னால் வந்து நின்றது. தம்பியை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவளிடம் குனிந்தது.

"என்னம்மா, அந்த விஷயம் இன்னும் நடக்கலியே. காலையிலேர்ந்து பட்டனை அமுக்கறேன், 'அனுமதி இல்லை'ன்னே வருது."

திரையைப் பார்த்தாள். காலையில் சத்தத்தை மட்டும் நிறுத்தியிருந்தாள். தம்பியை நினைத்த பதற்றத்தில், அவர் எண்ணுக்கு ஒட்டுக்கேட்கும் அனுமதியைக் கொடுக்க மறந்தே போயிருந்தாள்.

"பாக்கறேன் சார்," என்றாள். அவர் போய்விட்டார்.

தம்பி நகரவில்லை. அவனுக்கும் எல்லாம் விளங்கிவிட்டது.

"உன் நல்லதுக்குத்தான்டா பண்ணேன்."

"அந்தப் பொட்டி அவருக்கே அனுமதி குடுக்கலக்கா. என் பேச்சை வெட்ட உனக்கு யாரு குடுத்தா?"

அவன் கிடங்குக்குத் திரும்பிப் போனான். அடுத்த அழைப்பு வந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வணக்கம், யார் வேணும்?" என்றாள்.