கீரைச் சாறு

அந்த வீட்டில் அப்பாவிடம் மட்டும் யாரும் 'என்ன சாப்பிடுறீங்க?' என்று கேட்பதில்லை. அப்படியொரு கட்டளையை எவரும் இட்டதில்லை. புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவிவிட்டதென்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்து அது தானாகவே நடைமுறைக்கு வந்திருந்தது. அம்மா கொடுப்பதை அவர் குடிப்பார். அவ்வளவுதான்.

அன்று காலையும் அம்மா மிக்ஸியை நிறுத்திவிட்டு, அரைத்த கீரையைத் துணியில் இட்டுப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"நர்ஸ் சொன்னாங்களேம்மா, இனிமே அவருக்குப் பிடிச்சதைக் குடுங்கன்னு" என்றாள் மகள்.

"அவங்களுக்கென்ன, கை கழுவிட்டுப் போயிட்டாங்க. நீதானடி போட்டோ காட்டுன? கோட்டைத் தாண்டி ஒண்ணுகூட வரலன்னு?"

காட்டியவள் அவள்தான். அவள் வேலைபார்க்கும் ஆய்வகத்தில், தட்டில் வளரும் புற்றுநோய்ச் செல்களின் நடுவே ஒரு கோடு கீறுவார்கள். ஓரிரு நாளில் அவை ஊர்ந்து வந்து கீறலை மூடிவிடும். இந்தக் கீரையிலிருந்து பிரித்தெடுத்த சத்தை ஊற்றிய தட்டில் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றன. பெருமிதத்தோடு படத்தைக் காட்டியவள், எவ்வளவு கீரை தின்றாலும் அந்த அளவு இரத்தத்தில் சேராது என்பதைச் சொல்லவில்லை. அம்மாவின் முகம் அன்று அவ்வளவு தெளிந்திருந்தது. பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தாள். சொல்லாமலே மாதங்கள் ஓடின.

ஆயுள் முழுவதும் பேக்கரி அடுப்பின் முன் நின்றவர் அப்பா. வெண்ணெய் மணக்க வீடு திரும்புபவர். தொடக்கத்தில் அவரும் கேலி பேசினார்: "என் பொண்டாட்டி என்னை ஆடாக்கிட்டா. ஒருநாள் மே-ன்னு கத்தினா யாரும் பயந்துடாதீங்க." பிறகு கேலி நின்றது; தம்ளர் மட்டும் தவறாமல் காலியாகிக்கொண்டிருந்தது.

அம்மா கட்டிலருகே அமர்ந்து கரண்டியை அவர் உதட்டில் வைத்தாள்.

"முழுங்குங்க. ஒரே ஒரு வாய்."

அவர் முயன்றார். கீழ்ப்படியத்தான் முயன்றார். சாறு உள்ளே போகாமல் கடைவாயில் பச்சையாய் வழிந்தது.

"அம்மா, அந்தத் தட்டுல..." என்று தொடங்கினாள் மகள்.

"தட்டுல என்ன?"

"ஒண்ணுமில்ல. துடைச்சு விடு."

அம்மா துடைத்து முடிப்பதற்குள், விட்டு விட்டு வந்துகொண்டிருந்த அவர் மூச்சு ஒருமுறை நீளமாக வந்தது, மறுபடி வரவில்லை. மகள் அவர் மணிக்கட்டைப் பற்றினாள். பற்றியவள் விடவில்லை. அம்மா அவள் முகத்தையே பார்த்திருந்தாள்.

பின்பு தம்ளரைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, அவர் காதோரம் குனிந்தாள். கூடத்திலிருந்த சித்தப்பா எழுந்து வரும்படி, உரத்த குரலில் கேட்டாள்:

"என்னங்க, என்ன சாப்பிடுறீங்க?"