இரண்டு மணியில் நின்ற குறி

மோட்டார் சைக்கிள் எஞ்சினின் ஹெட்டைக் கழற்றி எட்டு நாளாகியிருந்தது. குசினிக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஒரு வெறும் கோதுமை மாப்பையை விரித்து, கழற்றிய ஒழுங்கிலேயே எல்லாவற்றையும் அடுக்கியிருந்தேன். கோழி கிளறாமல் மேலே ஒரு வலைத் துண்டு.

மோட்டார் சைக்கிள் அப்பாவுடையது. என்னைவிட இரண்டு வயது இளையது. ஏற்றமே இல்லாத வங்காலை றோட்டில்கூட அதற்கு மூச்சு வாங்கியது. மன்னாரில் ஒரு கராஜில் காட்டினோம். வால்வு இரண்டும் கசிகிறது, முழு ஹெட்டையும் மாற்றவேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன விலை மோட்டார் சைக்கிளின் விலையை விட அதிகம். அதனால் ஃபோனில் வீடியோக்கள் பார்த்து நானே செய்யத் தொடங்கினேன்.

வாங்கியது இரண்டே பொருள். வால்வு தேய்க்கும் பசை ஒரு சின்ன டப்பா, ஹெட்டுக்கு அடியில் வைக்கும் கஸ்கட் ஒன்று. மிச்சம் வீட்டில் இருந்தவை. ஸ்பிரிங்கை அமத்துவதற்கு அப்பாவின் கிளாம்பும் வெட்டிய குழாய்த் துண்டும். கரியைச் சுரண்டுவதற்குச் சீவிய பனை மட்டை, அதனால் அலுமினியத்தில் கீறல் விழாது. வால்வின் தண்டில் ஒரு றப்பர் ரியூப்பைச் செருகி, அதை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டவேண்டும். முதலில் பசை கரகரக்கும். பிறகு சத்தம் குறைந்துகொண்டே வந்து ஒன்றும் கேட்காமல் போகும். துடைத்துப் பார்த்தால் விளிம்பைச் சுற்றி ஒரே அகலத்தில் சாம்பல் நிற வளையம் தெரியும். கடைசியாகத் துவாரத்துக்குள் மண்ணெண்ணெய் ஊற்றிவைத்தேன். இரண்டு மணித்தியாலத்தில் ஒரு துளிகூட இறங்கவில்லை.

அது வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு நான் சிலாவத்துறைக்கு அப்பால் நிற்கவேண்டும்.

அங்கே இறால் குஞ்சு பொரிக்கும் பண்ணை ஒன்றில் தண்ணீர் பரிசோதிக்கும் வேலை. உப்பு, அமோனியா, கரைந்த ஒட்சிசன். முதல் மாதிரி ஆறு மணிக்கு எடுப்பார்கள். எங்கள் பக்கத்து முதல் பஸ் அங்கே போய்ச் சேர எட்டரை ஆகும். பெண்கள் தங்க இடமில்லை. திங்கள் வராவிட்டால் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போவோம் என்று பண்ணையின் மேற்பார்வையாளர் ஃபோனில் சொல்லியிருந்தார். கோபமாகச் சொல்லவில்லை, நேரம் சொல்வதைப் போலச் சொன்னார்.

பட்டம் வாங்கி ஒன்றரை வருடம். அந்த ஒன்றரை வருடத்தில் நான் தனியாகப் போன இடங்கள் கோயில், சந்திக் கடை, இரண்டு செத்த வீடு. பின்னேரங்களில் அம்மா என் படத்தை யாருக்கோ ஃபோனில் அனுப்புவா. எந்தப் படம் என்று நான் கேட்பதில்லை.

சனிக்கிழமை காலை உடுப்புத் தோய்த்து முடித்துவிட்டு ஹெட்டைப் பூட்டலாம் என்றிருந்தேன். ஒன்பது மணிக்கு அப்பாவும் சிங்கராசா மாமாவும் கடலால் வந்தார்கள். மாமா உறவில்லை; இருபது வருடமாக அப்பாவோடு ஒரே படகில் போகிறவர். தெற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்று தொடங்கியதிலிருந்து அவர்கள் கரையை விட்டுத் தூரம் போவதில்லை. அன்றும் கொண்டுவந்தது கறிக்கு மட்டும்.

தேத்தண்ணி போடச் சொன்னார்கள். குசினிக்குள் நிற்கும்போது பின்னால் ஸ்பானர் சத்தம் கேட்டது.

“நாலு நட்டுக்கு எட்டு நாளாப் பூசை வைக்கிறாள்,” என்று அப்பா சொன்னார்.

“எமில், உன்ர மகள் படிச்ச பிள்ளை. கணக்குப் பாத்துத்தான் பூட்டும்,” என்றார் மாமா. “மிஞ்சிற சாமானைச் சொதிக்குள்ள போடும்.”

அப்பா சிரித்தார். அவர் ஹெட்டைப் பூட்டியது எனக்காகத்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. முப்பது வருடம் படகு எஞ்சினைக் கழற்றிப் பூட்டிய கை. படகு எஞ்சினில் ஹெட் என்பது வெறும் மூடி. அதற்குள் வால்வு இல்லை. கஸ்கட்டை வைத்து, மூடியை வைத்து, நட்டை இறுக்கிக் கயிற்றை இழுத்தால் சரி. மோட்டார் சைக்கிளில் அப்படியில்லை. மேலே வால்வைத் திறக்கும் பற்சக்கரச் சில்லும் கீழே பிஸ்ரனும் ஒரு செயினால் சேர்ந்து ஓடுகின்றன. பிஸ்ரன் உச்சிக்கு வந்து நிற்கும்போது சில்லில் உள்ள குறி, ஹெட்டில் உள்ள வெட்டுக்கு நேரே நிற்கவேண்டும். மாறிப் பூட்டினால், வால்வு திறந்து கீழே இறங்கும் நேரத்தில் பிஸ்ரன் மேலே வந்து அதை இடிக்கும்.

நான் தட்டோடு வெளியே வந்தபோது நட்டுகள் இறுகியிருந்தன. பக்கத்து மூடிகளை இன்னும் போடவில்லை. கீழே பிஸ்ரன் உச்சியில் நிற்பதைக் காட்டும் கோடு தெரிந்தது. மேலே, மணிக்கூட்டில் பன்னிரண்டு இருக்கும் இடத்தில் நிற்கவேண்டிய குறி இரண்டில் நின்றது.

எனக்கு உடனே தெரிந்தது. கிட்டப் போய்க் குனிந்து பார்க்கக்கூடத் தேவைப்படவில்லை.

அப்பா, அதில ஒரு குறி இருக்கு. சொல்லவேண்டியது அவ்வளவுதான். வசனம் வாய்க்குள் முழுதாக இருந்தது. மாமா எனக்கு முதுகு காட்டிக்கொண்டு குந்தியிருந்தார். அவருக்கு முன்னால் அப்பாவைப் பிழை என்று சொல்லவேண்டும். மாமா திரும்புவார், சிரிப்பார், நாளைக்குக் கரையில் அதைச் சொல்லுவார். விரிவுரையில் கை உயர்த்தாமல் விட்ட கேள்விகளுக்கும் இப்படித்தான் வசனம் தயாராக இருந்தது. தேத்தண்ணித் தட்டைத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் வைத்தேன். சீனி காணுமா, இன்னும் போடவா என்று கேட்டேன்.

அப்பா உதைத்தார். உள்ளே டொக் என்றது. கிக்கர் பாதியில் நின்றுவிட்டது.

“கனநாள் கிடந்தது, இறுகிப்போச்சு,” என்ற மாமா, தானே ஏறித் தன் முழுப் பாரத்தையும் கொடுத்து உதைத்தார். ஒரு முறை. இரண்டாம் முறை. மூன்றாவதில் கிக்கர் இலேசாகக் கீழே போனது. இருவரும் சந்தோசப்பட்டார்கள். அதன் பிறகு எவ்வளவு உதைத்தும் உள்ளே காற்று மட்டும் ஊதியது. பிளக்தான் பழுது என்று முடிவெடுத்து, தேத்தண்ணி குடித்துவிட்டு, மாமா வீட்டுக்குப் போனார்.

நான் ஹெட்டைத் திரும்பக் கழற்றினேன். பிஸ்ரனின் தலையில் நகக் கீறல் மாதிரி ஒரு பிறை. காற்றை உள்ளே எடுக்கும் வால்வு சற்றே சாய்ந்து நின்றது. வெயிலுக்கு நேரே பிடித்தபோது வளையத்தின் ஒரு பக்கத்தால் வெளிச்சம் வந்தது. வளைந்த வால்வைத் தேய்த்துச் சரிப்படுத்த முடியாது. எவ்வளவு தேய்த்தாலும் வளைவு வளைவுதான்.

குளித்துவிட்டு வந்த அப்பா துவாயோடு என் பக்கத்தில் நின்றார். நான் குறியைக் காட்டினேன். செயினைக் காட்டினேன். பிறையைக் காட்டினேன். அவர் வால்வை வாங்கி விரல்களுக்கு நடுவே உருட்டிப் பார்த்தார். அதன் தலை ஆடியது.

“இது உனக்கு முதலே தெரியுமோ?”

“ஓம்.”

“நான் உதைக்கேக்க நீ இதிலதானே நிண்டனி.”

“ஓம் அப்பா.”

“ஏன் பிள்ளை சொல்லேல்ல?”

“சிங்கராசா மாமா இருந்தவர்.”

அவர் வால்வை மாப்பையில் அதற்குரிய இடத்தில், மற்றதுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

மத்தியானம் முழுக்க ஃபோனில் இருந்தார். பழைய சாமான் வாங்கி விற்கும் அபூசாலியிடம் அதே வால்வு இருக்கிறது, ஆனால் மறிச்சுக்கட்டியில் ஒரு வீட்டில் கிடக்கிறது, செவ்வாய்க்கிழமைதான் கொண்டுவருவார். சிங்கராசா மாமாவின் மோட்டார் சைக்கிள் விடியவே வியாபாரி ஒருவரின் மீன் பெட்டியோடு மன்னாருக்குப் போய்விடும். ஓட்டோவுக்குக் கொடுக்கக் கையில் எதுவும் இல்லை. இருந்தது கஸ்கட்டோடு போய்விட்டது. படகில் கொண்டுபோய் விடுகிறேன் என்றும் ஒருமுறை சொன்னார். வெளியே பனைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன. அந்தக் காற்றுக்கு எதிரே யாரும் தெற்குக்குப் போகமாட்டார்கள். அது நடவாது என்று தெரிந்துகொண்டேதான் அவர் சொன்னார், நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆகவே இரண்டு நாள் வேண்டும். திங்களுக்குப் பதிலாகப் புதன். கேட்கவேண்டியது அதைத்தான்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பண்ணைக்கு ஃபோன் எடுத்தேன். மேற்பார்வையாளர் என் பெயரைக் கேட்டதும் யாரென்று பிடித்துக்கொண்டார். பின்னால் தண்ணீர்ப் பம்ப் ஓடும் சத்தம். திங்கட்கிழமை வரமுடியாது, வாகனம் பழுது என்றேன்.

“அப்ப அடுத்த ஆளைக் கூப்பிடட்டோ?” என்று கேட்டார்.

கேட்டுவிட்டுப் பொறுத்திருந்தார். அவர் பொறுத்திருந்தது எனக்குத் தெரிந்தது. புதன்கிழமையைக் கேட்கவேண்டிய இடம் அதுதான்.

“சரி சேர்,” என்றேன்.

கதவைத் திறந்தபோது அப்பா வெளியில் நின்றார். புதன்கிழமை வரலாமோ என்று கேட்டனியோ என்றார். இல்லை என்று தலையாட்டினேன். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். ஃபோனைக் கேட்டுக் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

“நான் எடுக்கிறன். நீங்கள் அங்கால போங்கோ.”

அப்பாவைப் போகச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் போனார். எடுத்தேன், இலக்கம் வேலையாக இருந்தது. ஆறு நிமிடம் கழித்துத் திரும்ப எடுத்தேன். இந்தமுறை எல்லாவற்றையும் சொன்னேன்: வால்வு வளைந்தது, செவ்வாய் வேறொரு வால்வு வருகிறது, புதன் ஆறு மணிக்கு நிற்பேன், அதன் பிறகு ஒரு நாளும் பிந்தமாட்டேன். என் குரல் எனக்கே உரத்துக் கேட்டது.

“அடடா,” என்றார் அவர். “இதை முதல் எடுக்கேக்க சொல்லியிருக்கலாமே தங்கச்சி. இப்பதான் வெள்ளாங்குளத்துப் பிள்ளை ஒண்டுக்குச் சொல்லிப்போட்டன். அது ஒரு சொந்தக்காரர் வீட்டில நிண்டு வரப்போகுதாம்.”

உங்கள் பெயரைப் பட்டியலில் வைத்திருக்கிறேன் என்றார். நன்றி சொன்னேன்.

அபூசாலி சொன்னபடி செவ்வாய் பின்னேரம் வந்தார். வால்வு பழசுதான், நேராக இருந்தது. அன்று பொழுதுபடமுன் தேய்த்து முடித்தேன். புதன் காலை நானே குறி பார்த்துப் பூட்டினேன். சனிக்கிழமை பூட்டிய கஸ்கட் நசிந்திருந்தது. அதன் இரண்டு பக்கமும் பெயின்ற் பூசிக் காயவைத்துத் திரும்ப வைத்தேன். அப்பா பக்கத்தில் குந்தியிருந்தார். கேட்டபோது மட்டும் ஸ்பானர் எடுத்துத் தந்தார்.

முதல் உதையிலேயே பிடித்தது. புகை இல்லை. சத்தம் ஒரே சீராக இருந்தது.

நேரம் பத்தரை. அப்பா எஞ்சினை நிறுத்தாமல் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். நானாட்டானில் கருவாடு கேட்டிருக்கிறார்கள், கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும் என்றார். உடனே ஏறவில்லை.

“நீ எங்கையாவது போகவேணுமோ?”

“இல்லை அப்பா. நீங்கள் கொண்டுபோங்கோ.”