வலது கண்ணுக்குக் கீழே

டோமா ஆற்றங்கரையில் குனிந்து தண்ணீர் அள்ளுகிற இடத்தில் ஹாதியா படத்தை நிறுத்தினாள். முன்னோட்டம் முழுவதும் இரண்டு நிமிடம்கூட இருக்காது. ஆனால் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அவள் அத்தாவின் பிரவுசிங் சென்டரில் அது நின்று நின்று ஓடி முடிக்க அரை மணி நேரம் ஆகும். திரையில் விரலை வைத்து, "பாத்தியா செல்வி, வலது கண்ணு" என்றாள். பாண்டிச்செல்வி பார்த்தாள். சின்னப் பையனாக இருந்த டோமாவின் வலது கண்ணுக்குக் கீழே நெல்மணி அளவில் ஒரு தீத்தழும்பு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தமிழில் பேசி ஓடுகிற டோமா கார்ட்டூன் தொடரில் அந்தத் தழும்பு இடது கண்ணுக்குக் கீழே இருக்கும். அடுத்த வருசம் வரப்போகிற படம் தொடருக்கு முந்திய கதை. டோமாவுக்கு எப்படித் தீயை ஏவத் தெரிந்தது, தழும்பு எப்படி வந்தது என்பதெல்லாம் அதில்தான். தழும்புக்காகவே எடுக்கிற படத்தில் தழும்பு பக்கம் மாறி நின்றால் சும்மா இருப்பார்களா? இணையத்தில் டோமா ரசிகர்களுக்கென்று இருந்த மன்றத்தில் ஒரு மாதமாக இதே சண்டை. வரைந்தவன் தூங்கிவிட்டான் என்றார்கள் சிலர். அது தண்ணீரில் தெரிகிற நிழல், கண்ணைக் கழுவிவிட்டுப் பாருங்கள் என்றார்கள் சிலர். ஆரம்பத்தில் தழும்பு வலது பக்கம்தான் இருந்தது, தொடர்தான் நடுவில் மாற்றிக்கொண்டது, படம் மூலத்துக்குத் திரும்புகிறது என்று சொன்னவர்கள் நாலைந்து பேர். அதில் ஹாதியா ஒருத்தி. அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. சின்ன வயதில் பார்த்தபோது வலது கண்தான். செல்விக்கும் அப்படித்தான் ஞாபகம். ஆனால் ஆரம்பப் பகுதிகள் ஒரே ஒரு முறை ஓடியதோடு சரி, யாரிடமும் பதிவு இல்லை. "ஞாபகம் சாட்சி ஆகாது தங்கச்சி, போய் ஹோம்வொர்க் செய்" என்று சென்னைக்காரன் ஒருவன் எழுதியிருந்தான். அந்த ஒரு வரியை ஹாதியா ஒரு வாரமாகச் சொல்லிச் சொல்லி வைதுகொண்டிருந்தாள்.

அதனால்தான் செல்வி ஒரு பழைய பட்டாசு லேபிளைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் பத்தாம் வகுப்போடு நின்று, தன் அய்யா ஊர்க்காவலன் அச்சுக்குப் பிளேட் போடுகிற அச்சாபீசிலேயே லேபிள் பிரிக்கிற வேலைக்குச் சேர்ந்து ஒரு வருசம் ஆகியிருந்தது. ஒரு நாள் பழைய கழிவு மூட்டையைக் கட்டும்போது கம்பி மத்தாப்பு டப்பாவுக்கு அடித்த லேபிள் ஒன்று கண்ணில் பட்டது. டோமா தொடர் வந்த முதல் வருசம் அடித்தது. இரண்டு கையிலும் மத்தாப்போடு டோமா சிரிக்கிறான். தழும்பு வலது கண்ணுக்குக் கீழே. ஹாதியா அதைப் பார்த்ததும் செல்வியின் கன்னத்தைக் கிள்ளினாள். ஸ்கேன் செய்து, பழைய விளம்பரப் படம், இதோ சாட்சி என்று மன்றத்தில் போட்டாள்.

இந்த வாரம் செல்வி வந்தபோது மன்றம் தலைகீழாகியிருந்தது. ஹாதியா ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினாள். சிங்கப்பூரில் ஒருவர் மன்னிப்புக் கேட்டிருந்தார். ஹோம்வொர்க் செய்யச் சொன்னவன் ஆளையே காணோம். சிவகாசிப் பிள்ளைக்கு ஒரு சரவெடி போடுங்கப்பா என்று யாரோ எழுதியிருந்தார்கள். ஹாதியாவின் முகம் அப்படி மலர்ந்து செல்வி பார்த்ததில்லை. பிளஸ் டூ முடித்தபின் அவளை மேலே படிக்க அனுப்பவில்லை. கல்லாவில் உட்காரவைத்திருந்தார்கள், மாப்பிள்ளையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் சொன்னதை இத்தனை பேர் ஒத்துக்கொண்டது இதுதான் முதல் தடவை. வாசித்த வேகத்தில் இன்னொன்றையும் அவள் சிரித்துக்கொண்டே வாசித்துவிட்டாள். லேபிளின் அடியில் அச்சாபீஸ் பெயர் தெரிகிறது, இவர்கள் அனுமதி வாங்கித்தான் டோமாவைப் போட்டார்களா, படக் கம்பெனிக்கு இதை அனுப்பிக் கேட்கப்போகிறேன் என்று ஒருவர். "வேலையத்தவன்" என்று ஹாதியா அடுத்ததற்குப் போய்விட்டாள்.

செல்வியால் அப்படித் தாண்டிப் போக முடியவில்லை. யாரும் யாரிடமும் கேட்டு லேபிளில் படம் போட்டதாக அவள் கேள்விப்பட்டதே இல்லை. புலி, மயில், நடிகை, விண்வெளி ராக்கெட், எது விற்குமோ அது லேபிளுக்கு வரும். கேட்க வேண்டும் என்று ஒன்று இருப்பதே அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. கேட்க ஆள் வந்தால் முதலாளி சின்னச்சாமி யாரைக் கூப்பிடுவார்? லேபிள் எப்படி வெளியே போனது என்பார். கழிவு மூட்டையைக் கட்டியது யார் என்பார். அங்கே இருந்து அய்யாவுக்கு ஒரு எட்டுத்தான். திருத்தங்கல் ரோட்டில் நடந்து வீட்டுக்குப் போகும்போது ஆளில்லாத இடத்தில் நின்று, அய்யாவிடம் சொல்லவேண்டிய வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். வீட்டு வாசலில் அது பாதியாகிவிட்டது.

அய்யா குளித்துவிட்டு வந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். பழைய டோமா லேபிள் ஞாபகம் இருக்கா என்று மட்டும் கேட்டாள். துண்டு அப்படியே நின்றது.

"ஒனக்கு யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை, சும்மா கேட்டேன் என்றாள். அவர் வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். அந்த சீசனில் அவருக்கு அம்மை போட்டு எழுந்திருந்த நேரம். கண் எரிச்சல். ஆள் இல்லை என்று முதலாளி வரச்சொல்லிவிட்டார். கண்ணாடித்தாள் மாதிரி இரண்டு பக்கமும் தெரிகிற ஃபிலிம், படத்துக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று; அதை வைத்துத்தான் அச்சடிக்கிற பிளேட் எடுப்பார். எழுத்தைப் புரட்டிப் போட்டால் வாசிக்கிறபோதே காட்டிக்கொடுத்துவிடும். படம் அப்படி இல்லை. டோமாவைக் குப்புற வைத்து, இடது வலதாகிப் போனது தெரியாமல், பிளேட்டில் ஏற்றிவிட்டார். லோடு போனபிறகுதான் அவருக்கே தெரிந்தது.

"ஒருத்தனும் கண்டுக்கிடல. பிள்ளைகளுக்கு மத்தாப்பு எரிஞ்சாப் போதும். சொல்லியிருந்தா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாக. நீயும் வாயத் தொறந்துறாத, தாயி."

அவள் தலையாட்டினாள். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோதுதான் விளங்கியது. தானும் ஹாதியாவும் அத்தனை உறுதியாக நினைவில் வைத்திருந்த வலது கண், டிவியில் பார்த்ததல்ல. ஊரில் எல்லா வீட்டுப் பிள்ளையும் அந்த டப்பாவைக் கையில் வைத்திருந்தது. அம்மை வடுவோடு அய்யா குப்புற வைத்த டோமாவைத்தான் எல்லாரும் டோமா என்று நம்பியிருக்கிறார்கள்.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தூக்குவாளியைத் திறக்காமலே அவள் பிரவுசிங் சென்டருக்கு ஓடினாள். கல்லாவில் ஹாதியாவின் அத்தா சம்சு இருந்தார். "என்னம்மா, வேர்த்து விறுவிறுத்து வர்றே, சாப்பிட்டியா?" என்றார். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னாள். ஹாதியாவைக் கடைசிக் கம்ப்யூட்டர் பக்கம் தள்ளிக்கொண்டு போய், அந்தப் படத்தை எடுத்துவிடச் சொன்னாள். ஏன் என்றாள் ஹாதியா. காரணம் சொல்லாமல் முடியாது என்று தெரிந்தது. வாய் திறக்காதே என்று சொன்ன அய்யாவை நினைத்துக்கொண்டே, ஃபிலிம் புரண்ட கதையைச் சொன்னாள்.

ஹாதியா கேட்டுக்கொண்டே இருந்தாள். துப்பட்டா நுனியை விரலில் சுற்றி, பிரித்து, மறுபடி சுற்றினாள்.

"அப்ப எடது கண்ணுதானா?"

"தெரியல. லேபிள் சாட்சி இல்ல. அம்புட்டுத்தான்."

"எல்லாரும் என்னைய நம்பிட்டாங்கடி."

அய்யா பேரை எழுதாதே என்று மட்டும் செல்வி சொன்னாள். எழுதமாட்டேன் என்றாள் ஹாதியா, கோபமாக, அவளைப் பார்க்காமல். பிறகு படத்தை நீக்கினாள். நீக்கியதும் கீழே பார்த்தார்கள். அதை ஏற்கெனவே எடுத்து வேறு வேறு ஆட்கள் மறுபடி போட்டிருந்தார்கள். ஒருவன் அடியிலிருந்த அச்சாபீஸ் பெயரைச் சிவப்பில் வட்டம் போட்டிருந்தான். எதற்கு வட்டம் போட்டான், வாங்கவா, மாட்டிவிடவா, தெரியவில்லை. ஹாதியா மவுசை விட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். "நீ போ, நேரமாகுது" என்றாள்.

அந்த வாரம் முழுவதும் அச்சாபீஸ் போன் அடிக்கும்போதெல்லாம் செல்வி பிரித்த லேபிளையே மறுபடி பிரித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குருவம்மாள், "மாப்பிள்ளை போன் பண்றானா புள்ள, இப்பிடித் தூக்கிவாரிப் போடுது" என்று கேலி செய்தாள். வியாழக்கிழமை முதலாளி தன் அறையிலிருந்து அய்யாவைக் கூப்பிட்டார். கதவு திறந்துதான் இருந்தது. செல்வியின் கை நின்றுவிட்டது.

முதலாளி கோபமாக இல்லை. அவருக்குச் சிரிப்பாக இருந்தது. சென்னையில் வெடி வாங்குகிற ஏஜெண்டு பேசினாராம். அங்கே பையன்கள் எல்லாம் பழைய டோமா டப்பா கேட்கிறார்களாம், வலது பக்கம் தழும்பு உள்ளதாகப் பார்த்து. வேறு டோமா வேண்டாமாம். இந்தத் தீபாவளிக்கு அதையே அடிக்கச் சொல்லி ஆர்டர், மூன்று மெஷினும் ஓடவேண்டிய ஆர்டர்.

"நம்ம பேரை இன்னும் பெருசாப் போடுவோம் ஊர்க்காவலா. எங்க அடிச்சதுன்னு எல்லாவனுக்கும் தெரியட்டும்."

"சரிங்க மொதலாளி" என்றார் அய்யா. அவர் பிடரி வேர்த்திருந்தது இங்கிருந்தே தெரிந்தது. தப்பு இத்தனை வருசம் கழித்து ஆர்டராகத் திரும்பி வந்த ஆச்சரியம் மட்டும்தான் அவருக்கு. அனுமதி கேட்கப்போகிற ஆள் ஒருவன் எங்கோ உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியாது. முதலாளிக்கும் தெரியாது. இந்தக் கட்டடத்தில் அது தெரிந்தது அவள் ஒருத்திக்குத்தான். எழுந்தாள். அறை வாசல்வரை நாலு எட்டு வைத்தாள். முதலாளி நிமிர்ந்து, என்ன என்பதுபோலப் பார்த்தார். தண்ணி குடிக்கப் போறேன் என்று சொல்லிவிட்டுப் பானைப் பக்கம் திரும்பினாள்.

பழைய ஃபிலிம் பூஞ்சை பூத்து வீணாகியிருந்தது. மதுரையிலிருந்து புதிதாக வந்தது சனிக்கிழமை சாயங்காலம். டோமா இப்போது ஒழுங்காக, இடது கண்ணுக்குக் கீழே தழும்போடு இருந்தான். அதை அய்யா வேண்டுமென்றே புரட்டிப் போட வேண்டும். முப்பது வருசத்தில் அவர் தெரிந்தே இப்படி ஒன்று செய்ததில்லை. கீழே வெளிச்சம் எரிகிற கண்ணாடி மேசைமேல் அதை வைப்பார், எடுப்பார், புரட்டுவார், மறுபடி புரட்டுவார். ஆட்கள் போய்விட்டார்கள். செல்வி அவருக்காகக் காத்து மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்றிருந்தாள்.

"அய்யா, இந்த லேபிளப் பத்தி ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

"இரு தாயி. புரட்டிப் புரட்டி எனக்கே எது எதுன்னு தெரியல. ஒனக்கு எந்தப் பக்கம் தெரியுது?"

அவர் ஃபிலிமை இரண்டு கையாலும் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். ஜன்னலிலிருந்து வந்த வெளிச்சத்தில் டோமா சிரித்தான். அவன் வழியாக அய்யாவின் முகம் தெரிந்தது, அம்மை வடுக்களோடு, பதிலுக்காகக் காத்து. அவர் பார்க்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் நின்று, செல்வி வாயைத் திறந்தாள்.